முயலுக்குப் பட்டினி மருந்தன்று



இன்று பல இல்லங்களில் முயல் ஒரு குடும்ப உறுப்பினர் போலவே வளர்கின்றது. குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றனர். பெற்றோர் வாங்கித் தருகின்றனர். ஓசை எழுப்பாது, எவரையும் வருத்தாது, புல்லும் இலையும் உண்டு வாழும் அவ்வுயிரை வளர்ப்பது எளிது என்றே பலரும் கருதுகின்றனர். ஆயின் அந்த அமைதியே அதற்குப் பகையாகவும் அமைந்துவிடுகின்றது. இரையாகப் பிறந்த உயிர்கள் தம் நோயை வெளிக்காட்டா. நாய் முனகும், பூனை கத்தும், முயலோ ஒரு மூலையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும். ‘இன்று சற்றுச் சோர்வாக இருக்கின்றது, நாளை சரியாகிவிடும்’ என்று வீட்டார் நினைத்திருக்கும் ஓர் இரவுக்குள் நிலைமை கைமீறிப் போவதுண்டு.

அவ்வாறு ஓசையின்றி வரும் நோய்களுள் முதன்மையானது குடல் இயக்கத் தேக்கம். குடலின் அசைவு மெல்ல மெல்லக் குறைந்து, இறுதியில் நின்றுபோகும் நிலை அது.

தமிழிலக்கியத்தில் நாம் காணும் முயல் வேறு, வீட்டில் வளரும் முயல் வேறு என்பதை முதலில் அறிதல் வேண்டும். புலவர்கள் பாடியது நம் புதர்க்காடுகளில் ஓடித் திரியும் காட்டு முயலை. வீட்டு முயலின் முன்னோர் ஐபீரியத் தீபகற்பத்தில், அதாவது இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் நிலப்பகுதியில், வளை தோண்டி வாழ்ந்தவை. நாரும் வறட்சியும் மிக்க புல்லை நாளெல்லாம் கொறித்து வாழ ஏற்ற வகையில் அவற்றின் உடல் அமைந்தது. பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்தே அவை தேயும். சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் ஒரு பெரிய பை உள்ளது. அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அங்கு உருவாகும் மென்மையான புழுக்கையை முயல் தானே மீண்டும் உண்ணும். இதைக் கண்டு அருவருத்துத் தடுப்பவர் உண்டு. அது நோயன்று; இயற்கை அதற்கு அளித்த இரண்டாம் உணவு.

இந்த அமைப்பு முழுவதும் ஓர் ஒழுங்கில் இயங்க, நார் தொடர்ந்து உள்ளே செல்ல வேண்டும். நாரே குடலைத் தள்ளும் விசை. அது நின்றால் குடல் தளர்கின்றது. உள்ளிருப்பது நீர் வற்றி இறுகுகின்றது. நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து காற்றுச் சேர்கின்றது. வயிறு வலிக்கின்றது, வலியால் முயல் மேலும் உண்ண மறுக்கின்றது. முயலால் வாந்தி எடுக்க இயலாது என்பதையும் இங்கு நினைவிற் கொள்க. பட்டினி நீளுமாயின் உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிந்து, அவ்வுறுப்பையும் கெடுக்கின்றது.

வயிற்றுக் கோளாறு என்றால் ஒருவேளை பட்டினி போடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். மனிதர்க்கு அது பலமுறை பயன் தருகின்றது. அந்த அறிவை அப்படியே முயலுக்குப் பொருத்துவதுதான் பெரும் பிழை. மேலும், நோன்பின் சிறப்பை அறிந்த குடும்பங்களில், ‘அது தானாகவே உண்ணாதிருக்கின்றது, அதன் விருப்பப்படி விட்டுவிடுவோம்’ என்று மூத்தோர் சிலர் கூறுவதும் இயல்பே. மனிதர் நோன்பு கொள்வது அறிவோடும் உறுதியோடும் செய்யும் செயல். முயல் உண்ணாதிருப்பது நோன்பன்று, நோய். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருக்கும் முயல், உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையில் உள்ளது என்பதே கால்நடை மருத்துவர் கொள்ளும் பொதுவிதி.

நோயை எவ்வாறு அறிவது? புழுக்கையே முயலின் நாடி. நலமுள்ள முயலின் புழுக்கை ஒரே அளவில், உருண்டையாக, உதிரியாக, ஏராளமாக இருக்கும். அது சிறுத்தல், கோணல் வடிவம் பெறுதல், எண்ணிக்கை குறைதல், மயிரிழையால் மாலைபோல் கோக்கப்பட்டு வருதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். பின்னர், விரும்பி உண்ணும் கொத்தமல்லித் தழையைக்கூட முகர்ந்துவிட்டு விலகும். முதுகை வளைத்து ஒடுங்கி அமரும். கண்களைப் பாதி மூடிப் பற்களை நறநறவெனக் கடிக்கும். தடவிக்கொடுக்கும்போது மெல்லப் பல்லுரசுவது இன்பத்தின் அடையாளம். தனித்திருந்து உரக்கக் கடிப்பது வலியின் அடையாளம். இவ்வேறுபாட்டைப் பழகியவர் எளிதில் உணர்வர்.

முயல் அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பாக இருந்து உண்ணும் உயிர். பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் இல்லங்களில், அடுக்களை அடங்கும் வேளையில்தான் அதன் உணவு வேளை தொடங்குகின்றது. ஆகவே இரவு படுக்குமுன் புல்லும் நீரும் நிறைய வைத்தலும், காலையில் எழுந்ததும் புல் குறைந்துள்ளதா, புழுக்கை உள்ளதா என்று பார்த்தலும் நாள்தோறும் தவறாத கடமையாக வேண்டும். இரண்டு நிமிடம் போதும். ஓர் உயிர் பிழைக்கும்.

அறிகுறி கண்டவுடன் செய்ய வேண்டுவன யாவை? முதற்கண் கால்நடை மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். வயிறு பந்துபோல் உப்பி இறுகியிருந்தாலோ, திடீரெனத் துவண்டு விழுந்தாலோ, அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்நிலையில் ஒரு துளி உணவையும் வலிந்து புகட்டலாகாது. குடலைத் தூண்டும் மருந்தும் தீங்காகும். அடைப்பா, தேக்கமா என்பதை மருத்துவரே தொட்டும், எக்ஸ்ரே எடுத்தும் முடிவு செய்வார். இல்லத்தார் தாமே முடிவு செய்தல் கூடாது.

அடுத்து, காதுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முயலின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். காதும் உடலும் குளிர்ந்திருந்தால், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். சித்திரை வெயிலில் துவண்ட முயலாயின் இதற்கு மாறாகக் குளிர்ந்த தரையும் காற்றோட்டமும் தேவை. தானே உண்ணும்படி நீர் தெளித்த தழைகளையும் மணமுள்ள புதினாவையும் முன்னே வைக்கலாம். மெல்ல நடமாட விடுவதும் குடலுக்கு உதவும். இணையாக வளரும் மற்றொரு முயல் இருப்பின் பிரிக்காதிருத்தல் நன்று. தனிமை அதன் அச்சத்தைப் பெருக்கும்.

மருத்துவர் பார்த்து, வலிநீக்கும் மருந்தும், தோலின் கீழ் நீரேற்றமும், தேவையாயின் குடலியக்க மருந்தும் தந்தபின், வீட்டுப் பராமரிப்பு தொடங்குகின்றது. இதுவே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. புல்லைப் பொடித்துச் செய்த நோயுற்ற முயலுக்கான மாவு கடைகளில் கிடைக்கின்றது. அது இல்லையேல், முயலுக்குரிய குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியபின் கூழாகக் கரைத்துப் பயன்படுத்தலாம். பொதுவாக ஒரு கிலோ எடைக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லி என, நாளில் நான்கு முறை அளவில் தருவர். சரியான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்க.

ஊட்டும் முறையில் கவனம் வேண்டும். முயலைத் துண்டில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் இருத்த வேண்டும்; மல்லாத்தலாகாது. ஊசி நீக்கிய சிரிஞ்சின் முனையை, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டிலிருந்து நுழைக்க வேண்டும். ஒருமுறைக்கு ஒரு மில்லிக்கு மேற்படாமல் செலுத்தி, அது மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். விரைந்து செலுத்தினால் கூழ் நுரையீரலுக்குள் புகுந்து உயிருக்கே கேடாகும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, உண்ட அளவையும் புழுக்கையின் அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்தல் மருத்துவர்க்குப் பேருதவியாகும். முதற் புழுக்கை சிறியதாகவும் கரியதாகவும் வரலாம், அது நற்செய்தியே. ஆயினும் அத்துடன் ஊட்டுவதை நிறுத்தலாகாது. முயல் தானே புல்லை இழுத்து உண்ணத் தொடங்கி, எடை நிலைத்தபின், மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உள. மனிதர்க்குரிய மாத்திரைகளைத் தரலாகாது. அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மாண்டுபோகக்கூடும். குழந்தைக்குத் தருவது போல் விளக்கெண்ணெயோ ஓமத் தண்ணீரோ புகட்டுவதும் வேண்டா. வயிற்றில் சேர்ந்த மயிரே நோய்க்குக் காரணம் என்று முன்னர்க் கருதினர். நலமுள்ள முயலின் வயிற்றிலும் மயிர் இருக்கும். குடல் தளர்ந்து நீர் வற்றும்போதுதான் அது திரளுகின்றது என்பது இன்றைய தெளிவு.

இனி, வருமுன் காத்தல். முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல்லும், உலர்த்திய தீவனப் புல்லும் நம்மூரில் கிடைப்பவை. குதிரைமசால் குட்டிகளுக்கு நன்று. வளர்ந்தவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகையாகும். கேரட்டுக் கிழங்கே முயலின் உணவு என்பது படக்கதை தந்த மயக்கம். அதில் இனிப்பு மிகுதி. கிழங்கு வாங்காத வீட்டிலும் முயலுக்கு ஒரு குறையும் இல்லை. சோறு, ரொட்டி, பிஸ்கட், பொரி, இனிப்பு ஆகியவை குடலைக் கெடுப்பன. புதிய உணவைச் சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும். நீர், அகன்ற கிண்ணத்தில் எப்போதும் இருக்க வேண்டும். கூண்டிலேயே அடைத்து வைக்காது நாள்தோறும் சில மணி நேரம் ஓடவிட வேண்டும்.

அச்சமும் குடலை நிறுத்தும். விழா நாட்களில் வீடு நிறைய விருந்தினர், வெடியோசை, வெளியூர்ப் பயணம் என எல்லாம் ஒருங்கே வரும். பிரசாதம் என்று அன்புடன் ஊட்டும் இனிப்பும் சேரும். அந்நாட்களில் முயலுக்கு ஓர் அமைதியான அறையை ஒதுக்குவதும், ‘இதற்கு எதுவும் ஊட்ட வேண்டா’ என்று குழந்தைகளிடம் சொல்லி வைப்பதும் நலம்.

இறுதியாக ஒன்று. முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. சென்னையிலிருப்போர்க்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் இருப்போர், அருகில் முயலுக்கு மருத்துவம் பார்ப்பவர் யார், இரவில் எவரை அழைப்பது என்பதை இன்றே கேட்டறிந்து சுவரில் எழுதி வைக்க வேண்டும். நோய் வந்த இரவில் தேடத் தொடங்குவோர்க்குக் காலம் காத்திராது.

ஓர் உயிரைக் கொல்லாதிருத்தல் ஒரு நிலை. நம் கையில் அடைக்கலமாக வந்த உயிரின் துன்பத்தை, அது வாய்திறந்து சொல்லாதபோதும் அறிந்து களைதல் அதனினும் அடுத்த நிலை. இந்த மலரைப் படிக்கும் இல்லங்களில் முயல் வளர்ப்போர், நாளைக் காலை எழுந்ததும் முதலில் அதன் புல்லையும் புழுக்கையையும் பார்ப்பாராக.