ஈழத்தலரி வளர்க்கலாம், வாங்க!
(விவசாயிகளுக்கான வானொலி உரை)

கோயில் வாசலில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகப் பூத்து உதிருமே, அந்த ஈழத்தலரியைப் பற்றி இன்று பார்ப்போம். பெருங்கள்ளி என்றும் இதற்குப் பேர் உண்டு.

பேரில் ஈழம் இருந்தாலும் இதன் தாயகம் அதுவல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள்தாம் இதன் சொந்த ஊர். விஞ்ஞானப் பெயர் ப்ளூமேரியா. சார்ல் ப்ளூமியே (1646-1704) என்ற பிரெஞ்சுத் துறவி, தம் மன்னர் பதினான்காம் லூயி அனுப்ப, கரீபியன் தீவுகளுக்கு மூன்று முறை போய்ச் செடிகளை ஆராய்ந்தார். அவர் நினைவாக டூர்ன்போர் என்ற தாவர அறிஞர் வைத்த பேர் அது. 1753-இல் லின்னேயஸும் அதையே ஏற்றுக்கொண்டார்.

அலரி என்பதும் பொருத்தமே. இது அரளியின் குடும்பம்தான். கள்ளிக் குடும்பம் இல்லை. ஆனால் வளர்ப்பவருக்குப் பாடம் சொல்வது பெருங்கள்ளி என்ற பேர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பத்துக் குச்சிகளை வெட்டின கையோடு நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். பத்தும் அழுகிப் போச்சு! கள்ளியைப் போல இதுவும் தண்டில் நீரைச் சேர்த்து வைக்கும் என்பதை மறந்ததுதான் தப்பு.

அப்போ என்ன செய்யணும்? இலை உதிர்ந்து நிற்கும் மாசி, பங்குனியில், முற்றிய கிளையில் ஒன்று முதல் ஒன்றரை அடி நீளக் குச்சியாக வெட்டுங்க. பால் கண்ணில் படக்கூடாது. பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க. வெட்டுவாய் நன்றாகக் காயும்வரை ஏழு முதல் பத்து நாள் நிழலில் போட்டு வையுங்க. பிறகு நல்ல வெயில் படும் இடத்தில், மணல் கலந்த மண்ணில் நான்கு அங்குல ஆழம் நட்டு, ஆடாமல் ஒரு கம்பில் கட்டுங்க. களிமண் நிலமானால் மேடு கட்டி நடணும். நட்டதும் ஒரு தண்ணீர். அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும் போதும்.

பூ கிளை நுனியில்தான் வரும். அதனால் பூக்கும் காலத்தில் நுனியைக் கழிக்காதீங்க. இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது துரு நோய். அந்த இலைகளையும் உதிர்ந்த இலைகளையும் பொறுக்கி எரித்துவிடுங்க.

மார்கழியில் மொட்டையாக நின்றால் பட்டுப் போச்சு என்று வெட்டிப் போடாதீங்க. அது மரத்தின் ஓய்வுக் காலம். அந்தச் சமயம் தண்ணீரைக் குறைத்தால் போதும். கோடையில் தளிர்த்துப் பூக்கும்.

கடையில் கன்று வாங்கக் காசு செலவழிக்கணுமா? பக்கத்து வீட்டில் ஒரு குச்சி கேட்டு வாங்குங்க. பத்து நாள் பொறுமையாக இருங்க. வாசல் மணக்கும்.