ஏழு மணி ருசி, பத்து மணி ருசி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என்ன தலைப்புப்பா?" என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டார். "பீரும் பதநீரும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மலர்ல போடற மாதிரி இருக்குமா?" என்றார். "கெமிஸ்ட்ரிதான்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். முதல் வரிசையில் இருக்கும் பேராசிரியர்கள் நிம்மதியாக உட்காரலாம்.

நான் குளிர்பதனத் துறையில் வேலை செய்பவன். எந்தப் பொருள் எத்தனை நேரம் தாங்கும் என்பதுதான் என் பிழைப்பு. பால், மீன், ஊசி மருந்து எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே. ஆனால் நேரம் ருசியை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள பீரைவிட நல்ல பாடம் கிடையாது.

பெங்களூரில் இப்போது மைக்ரோ ப்ரூவரிகள் நிறைய. சின்ன அளவில் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருவார்கள். கிராஃப்ட் பீர் என்று பெயர். அதில் ஹாப் என்ற கொடியின் பூவைச் சேர்ப்பார்கள். கசப்பும் வாசனையும் அதிலிருந்து வருவதுதான். அந்த வாசனை எண்ணெய்கள் நிலையில்லாதவை. சில வாரங்களில் மங்க ஆரம்பித்து, சில மாதங்களில் பெயருக்குத்தான் மிஞ்சும். பாட்டிலுக்குள் துளி ஆக்ஸிஜன் போனாலும் போதும், நாளாக நாளாக ஈர அட்டைப்பெட்டியை நக்கின மாதிரி ஒரு ருசி வரும். அதற்குக் காரணமான பொருளுக்கு டிரான்ஸ்-2-நோனினால் என்று பெயர். வெயில் பட்டால் கதையே வேறு. ஹாப்பின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து, ஸ்கங்க் என்ற பிராணி விடுமே, அந்த நாற்றம் வந்துவிடும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அழகுக்காக இல்லை.

அப்போ பழசானால் எல்லாம் கெட்டுவிடுமா? அதுவும் இல்லை. பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு புளிப்பு பீர். ஒரு வருஷத்துச் சரக்கு, இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று மரப்பீப்பாயில் வைத்திருந்து கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். அதற்கு வயசுதான் ருசி. ஆல்கஹால் கூடின, கருப்பான, மால்ட் கனமான பீர்களும் சில வருஷம் வைத்தால் முனை மழுங்கி நயமாகும். நம்ம வீட்டு அரிசி மாதிரிதான். செஞ்சி மார்க்கெட்டுக்கு நெல் கொண்டுவருகிற எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்: புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரும், தண்ணியும் அதிகம் கேட்கும். கோட்டைக்குள் அவ்வளவு பெரிய தானியக் களஞ்சியம் கட்டி வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

இன்னொரு சுவையான விஷயம். இன்று உலகம் முழுக்க கிராஃப்ட் பீர்க்காரர்கள் கொண்டாடும் 'இந்தியா பேல் ஏல்' என்ற வகையின் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் ப்ரூவரி, ஹாப் தூக்கலாகப் போட்ட பீரைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர நாலிலிருந்து ஆறு மாதம். இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டும். சூட்டிலும் ஆட்டத்திலும் பீப்பாய்க்குள்ளேயே முதிர்ந்து, இங்கே இறங்கும்போது நன்றாக இருந்ததாம். அப்படிப் பயணத்தில் முதிர்ந்து பேர் வாங்கிய சரக்கின் வாரிசை, இன்று பறித்த பூ மாதிரி உடனே குடிக்கணும் என்கிறார்கள். காலம் செய்கிற வேடிக்கை!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தொண்டூரை உங்களில் பாதிப் பேர் பஸ் போர்டில் மட்டும் பார்த்திருப்பீர்கள். பாறையில் சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் உள்ள பழைய ஊர். செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது எல்லாரும் மலை மேலே பார்த்தார்கள். நான் சொல்ல வந்தது ஏரிக்கரையில் நிற்கிற பனைமரத்தைப் பற்றி.

பீருக்கு நேரக் கணக்கு வாரங்களில், மாதங்களில். பனஞ்சாற்றுக்கு மணிக்கணக்கில். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுகிற சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். கீழே இறக்கிய பிறகுதான் புளிக்கிறது என்று நினைக்காதீர்கள். மரத்தில் தொங்கும்போதே வேலை ஆரம்பம். கலயத்து மண்ணின் நுண்துளைகளிலும் காற்றிலும் பூச்சி காலிலும் ஈஸ்ட் இருக்கிறது, ஜைமோமோனாஸ் என்ற பாக்டீரியா இருக்கிறது, தயிரைப் புளிக்க வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாவும் இருக்கிறது. சர்க்கரை ஆல்கஹாலாக, கரியமில வாயுவாக, அமிலமாக மாறிக்கொண்டே வரும். புதுச்சேரி எல்லைக்குள் கள்ளுக்கடை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். (சிரிக்காதீர்கள், நான் தெர்மாமீட்டரோடுதான் போனேன்.) காலை ஏழு மணிக்கு அது ஏறக்குறைய சர்க்கரைத் தண்ணீர், லேசான பாளை வாசம். பத்து மணிக்கு நாக்கில் சுருசுருவென்று பொங்கும், இனிப்பும் புளிப்பும் சமம். அதுதான் நல்ல கட்டம் என்பது அங்கே குடிக்கிறவர்கள் கணக்கு. சாயங்காலம் புளிப்பு ஓங்கி, ஆல்கஹால் நாலு, ஐந்து சதவீதத்துக்கு வந்துவிடும். அதாவது சாதாரண பீர் அளவு. மறுநாளுக்கு மேல் வினிகர் வழி. ஒரு மரத்துச் சாறே ஒரு நாளைக்குள் நாலு பானம் ஆகிறது. எந்த ப்ரூவரியிலும் இந்த வேகம் கிடையாது.

இதைத் தடுக்க நம் பனையேறிகள் கண்ட உபாயம் சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் தடவினால் சாறு காரத்தன்மைக்குப் போய்விடும், நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. அதுதான் பதநீர். பாஸ்டர் பீரைப் பற்றிப் புத்தகம் எழுதியது 1876-ல். எழுத்து வாசம் இல்லாத ஆளுக்கு சுண்ணாம்பின் அளவு கைப்பழக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. கூடினால் நாக்கு காயும், குறைந்தால் பத்து மணிக்குள் நுரைக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னும் மரம் ஏறுகிற ஒரு பெரியவர் சொன்னது இது: "தம்பி, விடியக்காலம் இறக்குறது பதநீரு. ரோட்டோரம் குந்தினு விக்கிறேன். வெயில் ஏறிட்டா ஆளும் வரமாட்டான், சரக்கும் நிக்காது. மீந்துதுன்னா அடுப்புல ஊத்தணும், இல்ல மண்ணுல ஊத்தணும். வச்சிருந்தா நான் திருடன்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. நான் பிறப்பதற்கு முன்பே வந்த தடை. சூரியன் ஏற ஏற, கலயத்தில் இருப்பது கெமிஸ்ட்ரிப்படி மட்டும் மாறவில்லை, சட்டப்படியும் வேறு பொருளாகிவிடுகிறது. மாதக்கணக்கில் குடோனில் கிடந்த பீரை அரசுக் கடையில் பில் போட்டு வாங்கலாம். அன்று இறக்கியது குற்றம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மறுபக்கமும் உண்டு, மறைக்கமாட்டேன். கள் அனுமதி உள்ள தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட் கலப்படம் பெரிய தொல்லை. புதுசான கள் கொஞ்ச நேரம்தான் நிற்கும், ஊருக்கெல்லாம் விற்கணும் என்கிற பேராசை வந்தால் இந்த மாதிரி வழிதான் தேடுவார்கள். இந்த மேடை அரசியலுக்கு இல்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

அடுப்பில் ஊற்றுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீர், மணிக்கணக்கில் விறகு. அதிலும் புதுசு முக்கியம். சாறு கொஞ்சம் புளித்துவிட்டால் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாக, ஃபிரக்டோஸாகப் போய்விடும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும். பனங்கற்கண்டுக்கு மட்டும் பொறுமை கைகொடுக்கும். பாகை மூடி வைத்து ஒரு மண்டலம் போல அசைக்காமல் விட்டால்தான் மணி கட்டும்.

இதற்கு எஞ்சினியர் என்ன செய்யலாம்? சூடாக்கிப் பாட்டிலில் அடைக்கலாம். யாழ்ப்பாணத்தில் போத்தல் கள்ளே விற்கிறார்கள். ஆனால் காய்ச்சினதும் அந்தப் பாளை வாசம் போய்விடுகிறது, இது என் நாக்கின் தீர்ப்பு. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னைக்கு ஒரு ஐஸ் பெட்டி செய்திருக்கிறது. பாளையில் மாட்டிவிட்டால் சாறு நேராகக் குளிரில் இறங்கும், சுண்ணாம்பே வேண்டாம். 'கல்பரசா' என்று பெயர். பத்து டிகிரி குறைத்தால் வேதிவினை பாதியாகும் என்று நம் ஆசிரியர் போர்டில் எழுதிப் போட்டாரே, அதே கணக்குதான். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரி. அதை ஐந்துக்குக் கொண்டுவந்தால் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நுண்ணுயிர்களுக்கு இன்னும் மோசம்.

அந்தப் பெட்டி பனைக்கு அப்படியே ஒத்துவராது. பனையில் ஒரே நேரத்தில் பல பாளைகள், மரமோ அறுபது அடி. காலில் தளைநார், இடுப்பில் கத்தி, ஏற்கனவே கலயங்களோடு காலையும் மாலையும் ஏறி இறங்குகிற மனுஷன் ஐஸையும் சுமப்பாரா? பெரியவரிடம் கேட்டேன். "நீ முதல்ல ஏறிக் காட்டு" என்றார். ஆகவே மரத்தின் மேலே இல்லை, அடியில் குளிர வைக்கணும் என்று முடிவு செய்தேன். சைக்கிள் கேரியரில் உட்காருகிற இருபது லிட்டர் பெட்டி. முப்பது டிகிரியில் இறங்கும் சாற்றை ஐந்துக்குக் கொண்டுவர, பெட்டியில் கசிகிற சூடு தனியாக, ஆறேழு கிலோ ஐஸ் போதும். ஐஸ் செஞ்சியிலேயே கிடைக்கும். மேலே சுண்ணாம்பு, கீழே குளிர். காலை ஏழு மணி ருசியைச் சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விற்க முடிந்தால், அவர் மண்ணில் ஊற்றவேண்டிய அவசியம் இல்லை. வருமானம் இல்லாத மரம்தான் செங்கல் சூளைக்குப் போகிறது.

ஒரு பெட்டி செய்து பார்த்திருக்கிறேன். காலி எடையே ஒன்பது கிலோ வருகிறது, விலையும் கூடுதல். இரண்டையும் பாதியாக்கணும். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷத் தம்பி தங்கைகள் யாராவது பிராஜெக்டாக எடுத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். பெட்டி வெளியே வேனில் இருக்கிறது. மாசியில் பாளை சீவ ஆரம்பித்துவிடுவார்கள். தொண்டூருக்கு வருகிறவர்கள் விடிகாலை ஆறு மணிக்கே வந்துவிடணும். பட்டையில் ஊற்றித் தருவார், நுங்கு போட்டு. பத்து மணிக்கு வந்தால் கிடைக்காது.