விடியற்காலைப் புகை ஏன் மேலே போவதில்லை?

தை மாதத்தில், காற்று அடங்கிய ஒரு விடியற்காலையில் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலோ வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கமோ நடந்திருக்கிறீர்களா? யாரோ குப்பைக்கு வைத்த தீயின் புகை மேலே போகாமல், கூரை உயரத்தில் பாய் விரித்ததுபோல் படுத்திருக்கும்.

காரணம் இதுதான். தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே இருப்பதோ வெதுவெதுப்பான, இலேசான காற்று. கீழிருந்து எழும்பும் காற்றுச் சுழலை அதன் கனமே மறுபடி கீழே இழுத்துவிடும். பகலில் ஒரு கிலோமீற்றர் வரை வளரும் சுழல்கள், இப்படியான இரவில் சில பத்து மீற்றருக்குள் அடங்கிவிடும்.

கிளறிவிடும் காற்றோட்டத்துக்கும் அடக்கிவைக்கும் குளிருக்கும் நடக்கும் இந்த இழுபறியை ஒரே நீளத்தால் அளக்கலாம் என்று 1946இல் காட்டினார் ரஷ்ய அறிஞர் ஒபுகோவ். அந்த நீளம் குறையக் குறைய, காற்றின் கலக்கமும் குறையும். 1954இல் மோனின் என்ற இன்னொரு அறிஞரோடு சேர்ந்து அவர் வகுத்த கோட்பாடு, வானிலைக் கணிப்புகளில் இன்றும் பயன்படுகிறது.

ஆகவே நேயர்களே, விடியலில் குப்பை கொளுத்தாதீர்கள். அந்த நேரத்துப் புகைக்கு வானத்தில் வழியில்லை. அது அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சில்தான் போய்ச் சேரும்.