ஆற்றுக்கு ஒரு வாதி

இங்கிலாந்தின் டார்பி நகரையொட்டி ஓடும் டெர்வென்ட் ஆறு, இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மீன் வாழ முடியாத நீராகிவிட்டிருந்தது. பிரிட்டிஷ் செலனீஸ் ஆலையின் கழிவு, நகராட்சி அரைகுறையாகச் சுத்திகரித்து விட்ட சாக்கடை, மின்நிலையத்தின் வெந்நீர் மூன்றும் அதில் கலந்தன. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். எஞ்சியதைச் சாக்கடையைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தீர்த்துவிடும். ஆறுகளைக் காக்க 1876லேயே சட்டம் இருந்தது. ஆனால் ஆலைக்கழிவு பற்றி வழக்குத் தொடர மேலிட ஒப்புதல் தேவைப்பட்டதால், அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. ஆறு மீளச் சட்டம் மட்டும் போதாது. நீர் கெட்டால் தனக்கு இழப்பு என்று நீதிமன்றப் படியேற உரிமையுள்ள ஒருவரும் வேண்டும் என்பதே என் வாதம்.

டார்பியில் அந்த ஒருவராக நின்றது, மீன்பிடி உரிமை பெற்றிருந்த 'பிரைட் ஆஃப் டார்பி' தூண்டில் சங்கம். வழக்கறிஞர் ஜான் ஈஸ்ட்வுட் 1948இல் தொடங்கிய தூண்டில்காரர் கூட்டுறவு அமைப்பு, சங்கம் தொடுத்த வழக்குக்குத் துணைநின்றது. ஊர் பெருத்துவிட்டது, சாக்கடையை எங்கே விடுவது என்று நகராட்சி கேட்டது. நியாயமான கேள்விதான். இழப்பீடு கொடுத்துவிட்டால் போதாதா என்றும் வாதிட்டது. ஆற்றைக் கெடுப்பதற்கு எதிராக 1952இல் தடையாணை பிறந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பணம் கட்டிவிட்டு ஆற்றைத் தொடர்ந்து கெடுக்க வழிவிடவில்லை. அதேசமயம் புதிய சுத்திகரிப்பு வசதிக்கு அவகாசம் தந்து, ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. நகரமும் முடங்கவில்லை.

ஆலைகள் மூடியதால்தானே இங்கிலாந்தின் ஆறுகள் தெளிந்தன என்பவர்களும் உண்டு. சில ஆறுகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் டார்பியின் ஸ்பான்டன் பகுதியிலிருந்த செலனீஸ் ஆலை 2012 வரை ஓடியது. பின்னர் வந்த சட்டங்களுக்கும் மீட்சியில் பெரும் பங்குண்டு. அந்த மீட்சிக்கு அடையாளமாக, டெர்வென்ட் சேரும் டிரென்ட் ஆறு இன்று பார்பெல் மீனுக்குப் பேர்போனது.

இன்னொரு மறுப்பை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. அந்தச் சங்கத்தின் கையில் இருந்தது சொத்துரிமை. கரையில் வெறுமனே நடப்பவருக்கு அது கிடையாது. அந்தக் குறை உண்மை. ஆனால் ஈஸ்ட்வுட்டின் அமைப்பு அதோடு நிற்கவில்லை. 'ஃபிஷ் லீகல்' என்ற பெயரில் அது நடத்திய நெடிய வழக்கில், 2015இல் ஒரு தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தின் தனியார் குடிநீர், கழிவுநீர் நிறுவனங்கள் தம்மிடமுள்ள சுற்றுச்சூழல் தகவலை, சொத்து இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல், கேட்கும் எவருக்கும் தரக் கடமைப்பட்டவை என்று அது முடிவுசெய்தது.