இருக்கும்போதே சொல்லிவைப்போம்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)

 

"தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். நானும் கொதிகலன் பராமரிப்பு பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆனால் காலையில் இங்கே வந்து நண்பர்களோடு டீ குடித்தபோது, ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக் கதை சொன்னார்கள். அப்பாவுக்கு பைபாஸ், அம்மாவுக்கு டயாலிசிஸ், மாமாவுக்குப் பக்கவாதம். சரி, கொதிகலன் அடுத்த வருஷம் காத்திருக்கட்டும், மனதில் இருப்பதையே பேசிவிடுவோம் என்று வந்து நிற்கிறேன். விழா மேடையில் சாவைப் பற்றிப் பேசுகிறானே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரன். கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற இடம். எங்க நைனா அந்தக் கழிமுகத்திலும் கடலிலும் நாற்பது வருஷம் வலை போட்டவர். 2019-ல் ஒருநாள் விடியற்காலை, வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வென்டிலேட்டர் வைத்தார்கள். மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், கை இரண்டும் கட்டிலோடு கட்டியிருந்தது. பத்தொன்பது நாள்.

ஐந்தாவது நாளே பெரிய டாக்டர், "திரும்பி வர வாய்ப்பு இல்லை, நீங்க என்ன முடிவு பண்றீங்க?" என்று கேட்டார். என்ன முடிவு? அக்கா, "கடைசி மூச்சு வரைக்கும் பாக்கணும், நகையை வித்தாவது பாக்கணும்" என்றாள். அண்ணன், "அவரை இப்படி வதைக்காதீங்க, வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்" என்றான். இரண்டு பேருமே பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் அவர்கள் பேசிய பேச்சு, இரண்டு வருஷம் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போகாதபடி செய்துவிட்டது. நைனாவுக்கு என்ன விருப்பம் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.

இல்லை, தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பு வந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் குழாயோடு கிடந்து இறந்தபோது, துக்கம் கேட்டுவிட்டு வந்த நைனா திண்ணையில் உட்கார்ந்து, "டேய், எனக்கு இந்த மாரி ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார். "சொம்மா இரு நைனா, அபசகுனமா பேசாத" என்று நான்தான் வாயை அடைத்தேன். அவர் சொல்ல வந்த அந்த மீதி வாக்கியம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

நண்பர்களே, அந்த நேரத்தில் சட்டம் ஏற்கெனவே வழி திறந்து வைத்திருந்தது. படித்த எஞ்சினியர் எனக்கு அது தெரியாது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக்கின் கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015-ல் இறக்கும்வரை 42 வருஷம் அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவர் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதைச் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்றது. ஆனால் அருணாவுக்கு அதை அனுமதிக்கவில்லை. அவரை அத்தனை வருஷம் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அதை விரும்பவில்லை. அருணாவின் விருப்பம் என்ன? அது யாருக்கும் தெரியாது.

பிறகு 2018 மார்ச் 9-ல், ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர் தன் சிகிச்சை விருப்பத்தை எழுதிவைக்கலாம் என்றது. இதை முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் என்கிறோம். ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்ததால் நடைமுறையில் கஷ்டம். 2023 ஜனவரி 24-ல் அதை எளிமையாக்கினார்கள்.

இப்போது முறை இதுதான். பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனதோடு இருக்கும் எவரும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். தன்னால் பேச முடியாதபோது தனக்காக முடிவு சொல்லும் நெருங்கியவர்கள் பெயரையும் எழுதலாம். குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கு ஒரு பிரதி. மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து போன்ற உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரியிடம் ஒரு பிரதி. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்தும் செய்யலாம்.

எழுதிவிட்டாலே யாரோ வந்து ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. நோய் குணமாகாது என்ற நிலையில், சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்க வேண்டும். அதன்பின் வேறு மருத்துவர்கள் கொண்ட இரண்டாவது குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதியதில் பெயர் குறிப்பிட்டவர்களின் சம்மதமும் வேண்டும். நிறைவேற்றும் முன் மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போக வேண்டும். நம் ஆலையில் இரண்டு பேர் கையெழுத்தில்லாமல் ஒரு வால்வைத் திறக்க விடுவோமா? அந்த மாதிரி ஏற்பாடுதான் இது. ஊசி போட்டு உயிரை எடுப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தென் மாவட்டங்கள் சிலவற்றில் 'தலைக்கூத்தல்' என்று ஒரு வழக்கம் இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துச் சாகவிடுவது. அங்கே முடிவெடுப்பது மற்றவர்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிரானது. இங்கே பேசுவது அந்தப் பெரியவரே. "எனக்கு எல்லா சிகிச்சையும் வேண்டும்" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் விருப்பமே. அதையும் மதிக்க வேண்டும்.

கருவிகளை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவது ஆகாது. வலி தணிக்க மருந்து, மூச்சுத்திணறலுக்கு மருந்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் கடைசிவரை உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்த வலிதணிப்புக் கவனிப்பை வீட்டுக்கே வந்து தருவதும் உண்டு. எங்க நைனாவைக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வலிக்கு ஒரு மாத்திரைகூட எழுதி வாங்காமல் கொண்டுபோனோம். கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ஒன்றரை நாள் முனகினார்.

உறுப்பு தானமும் இதே கதைதான். 2008-ல் திருக்கழுக்குன்றத்து மாணவர் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான அவர் பெற்றோர் அந்தத் துக்கத்திலும் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தமிழ்நாடே விழித்துக்கொண்டது. ஆனால் நீங்கள் தான அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தாலும், நடைமுறையில் வீட்டாரிடம் கேட்டுத்தான் எடுப்பார்கள். வீட்டாருக்கே தெரியாத விருப்பத்தால் யாருக்கு என்ன லாபம்?

போன பொங்கலுக்கு அம்மாவிடம் பேசினேன். "இன்னாடா, நல்ல நாளும் அதுவுமா சாவு பேச்சு பேசிகினுகீற?" என்றார். நான் விடவில்லை. "உன் சாவு இல்லம்மா, என்னுதுதான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இன்னா பண்ணணும்னு சொல்றேன், கேளு" என்று என்னுடையதை முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேணாம். வலிக்காம பாத்துக்கோ. வூட்லயே, கடல் சத்தம் கேக்கற மாரி போட்டுடு. அக்காளும் அண்ணனும் சண்டை போடக்கூடாது. நீயே சொல்லிடு."

அன்று மாலையே அக்காவையும் அண்ணனையும் ஒன்றாக உட்காரவைத்து, அம்மா வாயாலேயே மறுபடி சொல்லச் சொன்னேன். அக்கா அழுதாள். அண்ணன் எழுந்து போய் எல்லாருக்கும் டீ வாங்கிவந்தான். பிறகுதான் எழுதி, நோட்டரியிடம் போனோம்.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பிள்ளைகள் வாயை அடைத்தாலும் வாக்கியத்தை முடியுங்கள். என் வயதுக்காரர்களுக்கு: உங்களுடையதை முதலில் சொல்லுங்கள், பெற்றோர் தானாகப் பேசுவார்கள். தம்பி தங்கைகளே, சாலை விபத்து வயது பார்த்து வருவதில்லை. ஹிதேந்திரனும் மாணவர்தான்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது புயலைக் கூப்பிடுவதற்காக அல்ல என்று எங்க குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூண்டைப் பார்த்ததும் போட்டைக் கரையேற்றிக் கட்டுவோம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பா, அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே, அது இன்னா?"