34ஆவது கிண்ணம் எங்கிருந்து வரும்?



சிலாங்கூர் காற்பந்து அணி ஆடும் இரவுகளில் பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலை உணவுக்கடைகளிலும் இரண்டு கேள்விகள் தவறாமல் காதில் விழும். “இந்த வருசமாவது கிண்ணம் வருமா?” என்று ஒருவர் கேட்பார். “நம்ம பையன் யாராவது இறங்கியிருக்கானா?” என்று பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர் கேட்பார். முதல் கேள்வி வெற்றியைப் பற்றியது, இரண்டாவது வெறும் இனப்பற்று என்று சிலர் பிரித்துப் பார்க்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சிவப்பு மஞ்சள் சட்டையோடு வளர்ந்த ஒரு ரசிகனாக, நம் கழகம் எவ்வளவு ஏறியிருக்கிறது, எங்கே சறுக்கியிருக்கிறது என்பதை இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணத்துக்காக 1921-இல் தொடங்கியது மலேசியக் கிண்ணப் போட்டி. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் தோற்ற சிலாங்கூர், மறு ஆண்டே கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்றிலிருந்து 2015 வரை 33 முறை. அடுத்த இடத்தில் உள்ள சிங்கப்பூருக்கு 24. மற்ற மாநிலங்கள் அதற்கும் பின்னால்தான். ஆசிய அளவிலும் நமக்குப் பெயர் உண்டு. 1967-இல் ஆசியக் கழகங்களுக்கான போட்டியில் சிலாங்கூர் இறுதியாட்டம் வரை போனது.

பிரிக்பீல்ட்ஸ் நேயர்கள் சிலர், “நாங்கள் கோலாலம்பூர்க்காரர்கள் ஆயிற்றே” என்று நினைக்கலாம். 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி கூட்டரசுப் பிரதேசமாக ஆகும்வரை கோலாலம்பூர் சிலாங்கூரின் பகுதிதான். மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூருக்காகக் கை தட்டிய தாத்தாவின் பேரன், 1987, 88, 89 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கிண்ணம் வென்ற கோலாலம்பூரின் ரசிகனாக வளர்ந்திருப்பான். ஒரே வீட்டில் இரண்டு கட்சி. அதில் தவறில்லை. 2021-இல் கோலாலம்பூர் சிட்டி அணி ஜொகூரின் ஜேடிடியை 2-0 என்று வீழ்த்திக் கிண்ணம் வென்றபோது, சிலாங்கூர்க்காரனான எனக்கும் மகிழ்ச்சிதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்பந்து உயிரோடு இருக்கிறது என்று அந்த இரவு காட்டியது.

சிலாங்கூரின் பழைய பெருமையில் நம் இந்தியச் சமூகத்தின் பங்கு சிறியதல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் சிலாங்கூரின் எம். சந்திரன். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் மாஸ்கோ போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது இந்த நாட்டின் எல்லா இனத்தாரும் கலங்கினார்கள். சிலாங்கூரின் ஓரத்தில் ஓடிய கே. ராஜகோபால் பின்னாளில் பயிற்றுநராகி, 2009 சீ விளையாட்டுத் தங்கத்தையும் 2010 ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தையும் நாட்டுக்கு வாங்கித் தந்தார். கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோதுதான் சிலாங்கூர் 2009, 2010 இரண்டு ஆண்டுகளும் சூப்பர் லீக்கை வென்றது. பழைய சிலாங்கூர், மொக்தார் டஹாரி, சந்தோக் சிங் என்று எல்லா இனத்தாரும் சேர்ந்து ஆடிய அணி. அதனால்தான் எல்லா இனத்தாரும் சேர்ந்து அதை நேசித்தார்கள்.

இனி அண்மைக் கதைக்கு வருவோம். 2015 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் கெடாவை 2-0 என்று வென்று 33ஆவது கிண்ணத்தைத் தூக்கினோம். மறு ஆண்டு இறுதியாட்டத்தில் அதே கெடாவிடம் பினால்டியில் தோற்றோம். 2018 எஃப்ஏ கிண்ண இறுதியில் பகாங்கிடம் தோல்வி. 2022 மலேசியக் கிண்ண இறுதியில் புக்கிட் ஜாலிலில் ஜேடிடிக்கு எதிராக முதல் கோலை அடித்துவிட்டு, 2-1 என்று தோற்றோம். 2024–25 பருவம் முடியும்வரை 34ஆவது கிண்ணம் வரவில்லை. இதற்கிடையே ஜேடிடி 2014 முதல் 2024–25 வரை தொடர்ந்து 11 முறை லீக் வெற்றியாளர் ஆகிவிட்டது.

அதற்காக, நம் கழகம் தேங்கிக் கிடக்கிறது என்று சொன்னால் அது அநியாயம். மாநிலச் சங்கத்தின் அணி முறையான கழகமாக மாறியது பெரிய படி. 2020-இல் பிகேஎன்எஸ் அணியும் உள்ளே வந்து இரண்டாம் அணியானது. அண்மை ஆண்டுகளில் ஷா ஆலமில் சொந்தப் பயிற்சி மையமும் வந்தது. 2023-இல் லீக்கில் இரண்டாம் இடம், 2024–25-இல் மறுபடியும் இரண்டாம் இடம், அதே பருவத்தில் எம்எஃப்எல் சேலஞ்ச் கிண்ணம். ஆசிய சாம்பியன்ஸ் லீக் இரண்டில் தென் கொரியாவின் ஜியோன்புக் அணியை 2024 அக்டோபரில் 2-1 என்று வீழ்த்தியதை அரங்கில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஜியோன்புக் ஆசிய வெற்றியாளர் பட்டத்தை இரண்டு முறை வென்ற கழகம்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியக் காற்பந்தின் தீராத நோய் சம்பள பாக்கி. 2025-இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் லீக்கை விட்டு விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. நீண்ட பாரம்பரியம் உள்ள பெயர்கள் அட்டவணையிலிருந்து மறைந்த அந்த ஆண்டில் சிலாங்கூர் உறுதியாக நின்றது. கிண்ணம் வாங்காத கழகம் என்று அதைத் திட்டுகிற நாம், ஆட்டக்காரர்களின் குடும்பங்களைப் பட்டினி போடாமல் நடக்கிற கழகம் என்று பாராட்டவும் வேண்டும்.

சறுக்கல்களில் மிகக் கொடியது திடலுக்கு வெளியே நடந்தது. 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுக்கு எதிராக நாட்டுக்காகக் கோல் அடித்த சிலாங்கூர் ஆட்டக்காரர் ஃபைசால் ஹலிம் மீது, மே 5-ஆம் தேதி கோத்தா டாமான்சாராவில் ஒரு பேரங்காடியில் எரிதிராவகம் வீசப்பட்டது. அதே வாரத்தில் மற்ற அணிகளின் ஆட்டக்காரர்கள் இருவர் தாக்குதலுக்கு ஆளானார்கள். பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி சிலாங்கூர் கேட்டது. மறுக்கப்பட்டதும் ஆட மறுத்து விலகியது. அதற்காகக் கழகத்தின் மேல் தண்டனையும் பாய்ந்தது. அன்று கழகம் எடுத்த முடிவு சரியானது என்பதே இன்றும் என் கருத்து. புள்ளியை அடுத்த ஆட்டத்தில் சம்பாதிக்கலாம். உயிருக்குப் போராடும் தோழனை விட்டுவிட்டுப் பந்து உதைக்கப் போகும் அணியை யார் மதிப்பார்கள்? பல அறுவை சிகிச்சைகளைத் தாண்டி ஃபைசால் அதே ஆண்டில் திடலுக்குத் திரும்பினார். அந்த மனத்திடத்தைக் கிண்ணங்களோடு ஒப்பிட முடியாது.

அடுத்த இழப்பு நம் வீடு. 1994-இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் அரங்கம், 80,000 பேர் அமரக்கூடியது, பராமரிப்பில்லாமல் பழுதடைந்து மூடப்பட்டது. 2024-இல் இடிக்கத் தொடங்கினார்கள். கோலாலம்பூர் செராஸ் போன்ற இடங்களில் அணி அலைந்தது. இப்போது கிளானா ஜெயாவில் உள்ள எம்பிபிஜே அரங்கம்தான் புகலிடம். ஷா ஆலமில் சுமார் 45,000 பேருக்கான புதிய அரங்கம் எழும் என்று திட்டம். கிள்ளான் ஜொஹான் செத்தியாவிலிருந்து பண்டார் உத்தாமாவுக்குப் போகும் எல்ஆர்டி ஷா ஆலம் தடத்தில் அரங்கத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கிள்ளானிலிருந்து ரயில் ஏறி நேரே ஆட்டத்துக்குப் போகும் காலம் வரும். ஆனால் இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் பத்து வயதில் இருக்கும் பிள்ளைகள், ஷா ஆலத்தின் ஆரவாரத்தைக் கேட்காமலேயே வளர்ந்துவிடுவார்கள். அந்த இழப்பைக் கழகம் வேறு வழியில் ஈடுகட்டியாக வேண்டும்.

மூன்றாவது, பொறுமையின்மை. பயிற்றுநராக 2023-இல் டான் செங் ஹோ. 2024-இல் நிட்சாம் ஜமீல். 2025-இல் கட்சுஹிதோ கினோஷி. முளை வருகிறதா என்று நாள்தோறும் விதையைத் தோண்டிப் பார்த்தால் எந்தச் செடி வளரும்? இதில் நிர்வாகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆட்டம் தோற்றவுடன் பயிற்றுநரை மாற்று என்று கூச்சல் போடும் ரசிகர்களாகிய நாமும் அதற்குப் பங்காளிகள்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. நம்ம பையன் இறங்கியிருக்கிறானா? அண்மை ஆண்டுகளில் வி. ருவேந்திரன் போல ஓரிருவர்தான். இந்தியச் சமூகத்தின் இளைஞர்களுக்கென்றே மிஃபா என்ற அமைப்பு ஓர் அணியை வளர்த்தது. அது 2017-இல் பிரீமியர் லீக்கிற்கும், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கிற்கும் உயர்ந்தது. பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ், வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பாமல் உள்ளூர்ப் பிள்ளைகளோடு பெரிய அணிகளை எதிர்த்து நின்றது. 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. சூப்பர் லீக்கில் நான்கே பருவம். அந்தக் கதவு மூடியபோது எத்தனையோ பிள்ளைகளின் கனவும் அதோடு நின்றது. அந்த அணி ஆடிய அதே எம்பிபிஜே அரங்கில்தான் இன்று சிலாங்கூர் ஆடுகிறது. அரங்கத்தோடு சேர்த்து அந்தப் பொறுப்பும் சிலாங்கூரின் தோளுக்கு வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. காற்பந்துக் கணக்காகவே சொல்கிறேன். பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்குவதில் ஜேடிடியை யாராலும் இன்று முந்த முடியாது. லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களும் கூடியிருக்கின்றன. அந்த ஓட்டத்தில் சிலாங்கூர் எவ்வளவு ஓடினாலும் இரண்டாவதாகத்தான் வரும். ஜேடிடிக்கு இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. நாட்டிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கு நம் வாசலில் இருக்கிறது. இங்கே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் பந்து உதைக்கிறார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்துக்குப் பக்கத்தில் இருந்த திடல்களும் போயின. அந்தத் திடல்களில் ஆடி வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வாகன நிறுத்துமிடத்தில் பந்து உதைக்கிறார்கள். அந்தத் திறமையைத் தேடிப் போகும் கழகத்துக்குத்தான் அடுத்த பத்தாண்டு சொந்தம்.

ஆகவே கழகத்திடம் என் கோரிக்கைகள் மூன்று. திறமை தேடுவோரைத் தமிழ்ப்பள்ளிப் போட்டிகளுக்கும் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் திடல்களுக்கும் ஆண்டுதோறும் அனுப்புங்கள். தேர்வு ஷா ஆலமில் மட்டும் நடந்தால், வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படி வருவான்? ஒவ்வொரு பருவமும் இளையோர் அணிகளிலிருந்து எத்தனை பேர் முதல் அணிக்கு உயர்ந்தார்கள் என்று ரசிகர்களுக்கு வெளிப்படையாக அறிவியுங்கள். தேர்ந்தெடுக்கும் பயிற்றுநருக்குக் குறைந்தது மூன்று முழுப் பருவம் கொடுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா என்று பிள்ளையைத் திடலிலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். படிப்பும் பந்தும் சேர்ந்தே ஓடட்டும். சனிக்கிழமை இரவு ஐரோப்பிய லீக்கிற்குக் கண்விழிக்கும் அண்ணன் தம்பிமார்களே, நம் ஊர் அணிக்கும் ஓர் இரவு ஒதுக்குங்கள். அல்ட்ராசெல் ரசிகர்கள் மழையிலும் வெயிலிலும் முரசடித்து அணியைத் தாங்குகிறார்கள். அவர்களோடு நம் குரலும் சேர வேண்டும். அரங்கில் நாம் இல்லையென்றால், அணியில் நம் பிள்ளைகள் இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு வலுவிழந்து போகும்.

இரண்டாம் இடம் முன்னேற்றம்தான்; அதை நான் மதிக்கிறேன். 34ஆவது கிண்ணம் ஒருநாள் வரும். அதைத் தூக்கும் கைகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்லா இனத்துப் பிள்ளைகளின் கைகளும் இருந்தால்தான் அது சிலாங்கூரின் கிண்ணம். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிளானா ஜெயாவுக்கு வாருங்கள்.