வார இறுதிக்கு ஒரு வண்டி

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டு வண்டிற் சவாரியைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுமையேற்றும் வண்டில் வேறு. சவாரி வண்டில் வேறு. நெல்மூடையும் விறகும் ஏற்றுகின்ற வண்டில் கனத்தது. சவாரித் திடலுக்கு வருகின்ற வண்டிலோ வேண்டாத பாரம் எதனையும் சுமவாத மெல்லிய வண்டில். உழைப்புக்கு ஒன்று, உவகைக்கு ஒன்று என்று பிரித்து வைத்த அந்த மனப்பாங்கே இன்று மோட்டார் கார் வைத்திருப்போர் சிலரிடத்தும் தலைகாட்டுகின்றது. அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் சந்தைக்கும் ஓடுகின்ற கார் ஒன்று வீட்டில் இருக்க, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓட்டும் இன்பத்துக்காகவே மற்றொரு காரை வாங்க அவர்கள் விரும்புகின்றார்கள். அதனை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இஃது ஆடம்பரம் அன்றோ என்று சிலர் கேட்கலாம். ஆடம்பரந்தான், அதனை மறைப்பதிற் பயனில்லை. ஆகவே, வீட்டுச் செலவுக்கோ பிள்ளைகளின் கல்விக்கோ ஒதுக்கிய பணத்தில் ஒரு சதமேனும் இதற்குச் செல்லலாகாது. இந்த முதல் விதிக்கு அமைந்தவர்களுக்கே இனிச் சொல்லப்போவன பொருந்தும்.

வாங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை, குதிரைவலுவை எண்ணிப் பார்த்து மயங்குவதாகும். 450 குதிரைவலுவும் 1,700 கிலோகிராம் எடையும் கொண்ட கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அது சில வினாடிகளில் எட்டிவிடும். அதன் பின்னர் என்ன செய்வது? நமது நாட்டில் அதிவேகப் பாதையிற்கூட அந்த 100 கிலோமீற்றரே எல்லை. ஏனைய வீதிகளில், குடியிருப்புகளுக்குப் புறம்பே 70, குடியிருப்புகளுக்குள்ளே 50. எனவே, காரின் ஆற்றலிற் பெரும்பகுதி விலை கொடுத்து வாங்கப்பட்டும் வெளிவராமலே உறங்கிக் கிடக்கும். அதனை எழுப்பிப் பார்க்க முற்படுகின்றவர் சட்டத்தை மீறுகின்றார். தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றார். வேகம் இரு மடங்காயின் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்தக் கணக்குக்கு இரக்கம் என்பது இல்லை.

அப்படியாயின் ஓட்டும் இன்பம் எங்கே இருக்கின்றது? அது பெரும்பாலும் எடைக் குறைவில் இருக்கின்றது. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி காரை நினைத்துப் பாருங்கள். சிக்கனமான சிறு காராகவே அலெக் இசிகோனிஸ் அதனை வடிவமைத்தார். எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர். வலு 34 குதிரைவலு மாத்திரமே. ஆயினும், எடை ஏறத்தாழ 600 கிலோகிராமாகவும், சக்கரங்கள் நான்கும் நான்கு மூலைகளிலும் அமைந்தமையாலும், வளைவுகளில் அது காட்டிய விறுவிறுப்பைப் பெரிய கார்கள் காட்ட இயலவில்லை. அதிலிருந்து பிறந்த மினி கூப்பர், மொன்ரி கார்லோ ஓட்டப்போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது.

அதே உண்மையை 1989இல் யப்பானின் மஸ்டா நிறுவனம் மீண்டும் நிலைநாட்டியது. இருவர் மாத்திரம் அமரும், கூரை திறக்கும் எம்எக்ஸ்-5 என்ற அந்தக் காரின் எஞ்சின் 1.6 லீற்றர், வலு ஏறத்தாழ 115 குதிரைவலு, எடை 950 கிலோகிராம் அளவு. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாதல் வேண்டும் என்ற கருத்தை அதனை ஆக்கியோர் தம் குறிக்கோளாகக் கொண்டனர். 2016ஆம் ஆண்டில் அக்கார்களின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2012இல் வந்த டொயோட்டா 86 இன்னுமொரு பாடத்தைத் தருகின்றது. நாம் நன்கறிந்த பிரியஸ் காருக்குப் பூட்டிய அதே வகை ரயர்களையே பல நாடுகளில் அதற்கும் பூட்டினார்கள். பிடிப்பு மிகையாக இல்லாமையால், மிதமான வேகத்திலேயே காரின் போக்கை ஓட்டுபவர் உணரலாம் என்பதே நோக்கம்.

அடுத்து, உங்கள் பாதையை எண்ணிப் பாருங்கள். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகின்ற வீதியில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்ற கொண்டையூசி வளைவுகளில், அகலமும் கனமும் கூடிய கார் பெருஞ்சுமையாகிவிடும். சிறிய காரோ தன் ஒழுங்கையிற் சற்று இடம் மிச்சம் வைத்தே திரும்பும். விரைவாக ஓட்டியே தீரவேண்டும் என்போருக்கு அதற்குரிய இடம் உண்டு. நுவரெலியாவில் 1930களில் தொடங்கிய மஹாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்றவற்றிலே, மூடப்பட்ட பாதையில், கடிகாரத்தோடு போட்டியிடலாம். பொதுவீதி அதற்குரிய இடமன்று.

இனி, வாங்கும் முறை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிச்சுமை பெரிது. ஆதலின், பலருக்கு வாய்ப்பது ஏற்கெனவே நாட்டில் ஓடிய பழைய காரே. பழைய காரைப் பார்க்கச் செல்பவர் பளபளப்பைப் பாராது அடியைப் பார்க்க வேண்டும். நமது கடற்காற்றும் ஈரமும் இரும்பைத் தின்னும் இயல்பின. கதவுகளின் கீழ்விளிம்பு, தரைத்தகடு, சக்கரங்களின் மேல்வளைவு ஆகியவற்றிலே துரு உண்டா என்று தட்டிப் பாருங்கள். எஞ்சினைத் திருத்துவது எளிது. துருவேறிய உடலைத் திருத்துவது அரிது.

ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் ஆக்கப்பட்டது என்பது பொருள். வார இறுதிக் கார் குறைவாக ஓடுவதால் ரயர் தேய்வதற்கு முன்னரே மூத்துவிடும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றினும் றப்பர் இறுகியிருக்கும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், கார் ஓடினும் ஓடாவிடினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று. ஆகையால், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, ரயர், பிறேக், பற்றரி ஆகியவற்றுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். உதிரிப்பாகம் கிடைக்குமா, அந்த வகைக் காரை அறிந்த மெக்கானிக் அருகில் உள்ளாரா என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடவேண்டும். பழைய மினி போன்ற கார்களில், மோதலின்போது காப்பாற்றுகின்ற காற்றுப்பைகள் இல்லை. பிள்ளைகளை ஏற்றிச் செல்ல நினைப்பவர் சற்றுப் பிற்காலக் காரைத் தேடுவதே அறிவு. இல்லையேல், அந்த இன்பத்தைத் தமக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு, குடும்பப் பயணத்துக்கு வீட்டிலுள்ள முதற் காரையே எடுக்கவேண்டும்.

இறுதியாக, ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். 50 கிலோமீற்றர் வேகத்திலே, ஒரு சாதாரண வளைவிலே, ஸ்ரியறிங் வழியாக வீதி உங்கள் கைக்குப் பேசுகின்றதா? கியர் மாற்றும்போது மனம் மகிழ்கின்றதா? அந்த வேகத்தில் இன்பந் தராத கார், அதனினும் மிக்க வேகத்தில் தருவது பெரும்பாலும் அச்சமே.

சவாரி முடிந்ததும் மாட்டைக் குளிப்பாட்டித் தீன் வைப்பவனுக்கே அந்த மாட்டின் அருமை தெரியும். ஞாயிறு மாலையில் காரைக் கழுவித் துடைத்து, பாதுகாப்பாக வீட்டில் நிறுத்திவிட்டு, அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று எண்ணுகின்றவரே நல்ல காரைத் தெரிந்தெடுத்தவர்.